டோக்கன் எண் இரண்டிரண்டாக ஏறினால்

பெங்களூரு அல்சூரில் நான் சாப்பிடும் மெஸ்ஸுக்கு, சர்வரில் ஓடும் ஒரு சின்ன பிஎச்பி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தைத் திறந்தால் எண் ஒன்று கூடி டோக்கன் வரும், அவ்வளவுதான். முதல் நாளே 41, 43, 45 என்று தாவியது. "தம்பி, 42 யாருக்குப் போச்சு?" என்றார் கல்லாவில் இருந்த அண்ணன். இரண்டு ராத்திரி என் கோடில் இல்லாத தப்பைத் தேடினேன்.

முதலில், கோளாறு ஸ்கிரிப்டிலா பிரவுசரிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் கர்ல் (பிரவுசர் இல்லாமலே ஒரு முகவரியைக் கூப்பிடும் கட்டளை) போட்டு அதே முகவரியைக் கூப்பிடுங்கள். எண் ஒன்றுதான் ஏறுகிறதா? சரி, ஸ்கிரிப்டை விட்டுவிடலாம். பிரவுசர்தான் இரண்டு தடவை கேட்கிறது. இதற்கெல்லாம் போஸ்ட்மேன் போன்ற சோதனைக் கருவி வேண்டாம், கர்ல் போதும்.

அடுத்ததுதான் நான் வழுக்கி விழுந்த இடம். பிரவுசர் அனுப்பும் கோரிக்கைகளைக் காட்டும் குரோமின் நெட்வொர்க் பகுதியையே வெறித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கோரிக்கைதான் தெரிந்தது. வந்த கோரிக்கை ஒவ்வொன்றையும் எழுதிவைக்கும் சர்வரின் ஆக்ஸஸ் லாகைத் திறந்தால் ஒரே நொடியில் இரண்டு வரி: முதலில் என் பக்கம், அடுத்து ஃபேவிகான்.ஐகோ. டேபின் ஓரத்தில் தெரியும் குட்டிப் படம் அது. நாம் சொல்லாவிட்டாலும் பிரவுசர் தானாகவே கேட்கும். என்னிடம் அந்தக் கோப்பே இல்லை. 'அப்படி ஒன்று இல்லை' என்னும் 404 பதில் போயிருக்க வேண்டும். ஆனால் 'இல்லாத முகவரி எதுவானாலும் இண்டெக்ஸ்.பிஎச்பிக்கு அனுப்பு' என்று, சர்வருக்கான விதிகளை எழுதும் எச்டிஆக்ஸஸ் கோப்பில் நாலு வரி ஒட்டியிருந்தேன், எங்கிருந்தோ எடுத்தது. படம் கேட்டு வந்ததற்கும் ஒரு டோக்கன் கிழித்துக் கொடுத்திருக்கிறது என் ஸ்கிரிப்ட். 42 போனது அங்கேதான்.

அவசரத்துக்கு ரூட் ஃபோல்டரில் நிஜமான ஃபேவிகான் ஒன்றைப் போடுங்கள், நின்றுவிடும். ஆனால் எண்ணைக் கூட்டும் வேலையை கெட் கோரிக்கையில் (பக்கத்தைக் காட்டச் சொல்லி மட்டும் கேட்பது) வைத்ததுதான் என் அசல் தப்பு. ஒரு பட்டன் வைத்து, போஸ்டில் (எதையாவது மாற்றச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) வந்தால் மட்டும் கூட்டுங்கள். கூட்டியதும் டோக்கனைக் காட்டும் பக்கத்துக்கு 303 ('அந்தப் பக்கத்துக்குப் போ' என்னும் பதில்) கொடுத்துத் திருப்பிவிடுங்கள். அப்புறம் எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும் ஏறாது.

பின்சேர்க்கை: ஐகான் போட்டும் இரண்டாகத்தான் ஏறுகிறது என்று ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் லாகில் இரண்டு வரியுமே போஸ்ட். பட்டனின் கிளிக்கிலும் ஃபார்மின் சப்மிட்டிலும் ஒரே ஃபங்ஷனை மாட்டியிருக்கிறார். கிளிக்கைக் கழற்றியதும் தீர்ந்தது. இன்னொருவருடையது ரியாக்ட் 18, திரைப் பக்கங்களைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. அங்கே டெவலப்மெண்டில் தப்பைக் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் வேண்டுமென்றே எஃபெக்டை (பக்கம் திரைக்கு வந்ததும் ஓடும் பகுதி) இரண்டு முறை ஓட்டும். புரொடக்‌ஷன் பில்டில் ஒரு முறைதான். அதற்காக ஸ்ட்ரிக்ட் மோடைத் தூக்கிவிடாதீர்கள், எஃபெக்டில் கிளீனப் (முன்பு ஓடியதைக் கலைக்கும் பகுதி) எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.