பூஸ்டர் இல்லாத பழைய காரில் பிரேக் பிடிக்கவில்லையா? கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

பழைய காரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொன்னதும் பலர் தரும் முதல் யோசனை, "ஒரு பூஸ்டர் மாட்டிடுங்க." கால் அழுத்தும் விசையைக் கூட்டித் தரும் கருவி அது. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். பூஸ்டர் இல்லாமலே தொழிற்சாலையிலிருந்து வந்த கார், புதிதாக இருந்தபோது அந்த பிரேக்கை வைத்துத்தான் ஓடியது, நின்றது. இன்று நிற்க மறுக்கிறது என்றால் இடையில் ஏதோ தேய்ந்திருக்கிறது, ஒழுகுகிறது, இறுகியிருக்கிறது. இல்லாவிட்டால் யாரோ பொருந்தாத பாகத்தை மாட்டியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்காமல் பூஸ்டர் வைத்தால், கெட்ட ஹோஸும் ஒழுகும் சிலிண்டரும் முன்பைவிட அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும்.

கார் வேலையில் புதிதாக இறங்குபவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் இதில் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். ஆனால் எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.

கால் விசை எப்படிப் பெருகுகிறது

பூஸ்டர் இல்லாத பிரேக்கில் காரை நிறுத்துவது உங்கள் கால் மட்டும்தான். அந்த விசை மூன்று இடங்களில் பெருகுகிறது. முதலில் பெடல் ஒரு நெம்புகோலாக வேலை செய்கிறது. அடுத்து, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சிறிய பிஸ்டன் பிரேக் ஆயிலில் உண்டாக்கும் அழுத்தம் சக்கரத்தில் உள்ள பெரிய பிஸ்டன்களைத் தள்ளுகிறது. கடைசியாக, டிரம்முக்குள் இருக்கும் ஷூவிலோ டிஸ்க்கைக் கவ்வும் பேடிலோ ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங், சக்கரத்தோடு சுழலும் டிரம்மையோ டிஸ்க்கையோ உரசிப் பிடிக்கிறது. இந்த மூன்றில் எங்கே விசை வீணாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. டிரம் சுழலும்போது முன்னோடும் ஷூவை (சுழலும் திசையிலேயே விரியும் ஷூ) தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொள்ளும். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. அதனால் பூஸ்டர் இல்லாத டிஸ்க் பிரேக்குக்கு அதிக அழுத்தம் வேண்டும். முன் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டியும், மாஸ்டர் சிலிண்டரை மட்டும் பழையபடியே விட்டுவிட்ட வண்டிகளில் பிரேக் மோசமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

உண்மையிலேயே பலவீனமா என்று பாருங்கள்

புதுக் கார் ஓட்டிப் பழகிய கால், பெடலை லேசாகத் தொட்டு நிறுத்தும். பூஸ்டர் இல்லாத வண்டி அதற்கு அசையாது. தொடையிலிருந்து அழுத்த வேண்டும். அதுவே அதன் இயல்பு.

வண்டி நிற்கும்போதே பெடலைப் பலமாக அழுத்தி அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். பெடல் இறங்கினாலோ, டேங்கில் பிரேக் ஆயில் குறைந்திருந்தாலோ, சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தாலோ, வண்டியை நகர்த்தவே வேண்டாம். எல்லாம் சரியென்றால், ஆள் நடமாட்டமில்லாத காய்ந்த சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், பெடலைச் சீராகவும் முழுப் பலத்தோடும் அழுத்துங்கள். முன்சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தால் பிரேக்கில் குறையில்லை. எவ்வளவு அழுத்தியும் வண்டி மெல்ல மெல்ல நின்றால், மேலே படியுங்கள்.

பெடல் சொல்லும் சேதி

பெடல் ஆழமாகப் போகிறது, ஆனால் இரண்டு தடவை பம்ப் செய்தால் மேலே வந்து பிடிக்கிறது. இது பெரும்பாலும் ஷூக்களுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டதைக் காட்டும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறது. ஒருவரை அழுத்தச் சொல்லிவிட்டு ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். உப்புவது விரலுக்கே தெரிந்தால் உடனே மாற்ற வேண்டிய ஹோஸ் அது.

லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பெடல் மெல்ல இறங்குகிறது, வெளியே எங்கும் ஒழுகவும் இல்லை. அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் போகிறது.

பெடல் உயரமாக, கெட்டியாக நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை. பலரையும் குழப்புவது இதுதான். இங்கே காற்றைத் தேடிப் பயனில்லை. லைனிங் கண்ணாடி போல மினுமினுப்பேறியிருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் பிஸ்டனோ, பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனோ துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் துளை தேவையைவிடப் பெரிதாக இருக்கும்.

காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தால், அந்தச் சக்கரத்து ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே உரிந்து, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பி வரவிடாமல் செய்யும். எல்லாச் சக்கரமும் பிடித்தால், பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே இடைவெளி இல்லையென்று அர்த்தம். அங்கே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சரியான அளவை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள்.

சக்கரத்தைக் கழற்றும் முன்

சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்ட் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் செய்யாதீர்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவது, கம்ப்ரசரால் அடிப்பது, காய்ந்த பிரஷால் தட்டுவது எல்லாம் கூடவே கூடாது. பிரேக் கிளீனராலோ சோப்புத் தண்ணீராலோ நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தூசிக்கேற்ற மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

டிரம்மைத் திறந்ததும்

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்குங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டர் போய்விட்டது. பின்சக்கரத்தில் கறுத்த, பிசுபிசுப்பான எண்ணெய் இருந்தால் அது ஆக்சில் சீலிலிருந்து வரும் கியர் ஆயிலாக இருக்கலாம். ஒழுகலை நிறுத்திவிட்டுத்தான் ஷூவை மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவியோ சுட்டோ மீட்க முடியாது. ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

மினுமினுப்பு மட்டும் என்றால், ஈரமாக வைத்து உப்புத்தாளால் மேல்பரப்பை எடுத்துவிடலாம். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும் என்று தோன்றினால் தேய்க்காமல் மாற்றிவிடுங்கள். டிரம்மின் மேல் அதிகபட்ச உள்விட்டம் பொறித்திருந்தால் அதை அளந்து பாருங்கள். பலமுறை கடைந்து பெரிதாகிப்போன டிரம்மில் புது ஷூவின் நடுப்பகுதி மட்டுமே தொடும். அதனால் புது ஷூ போட்டும் பிரேக் பிடிக்காது. லைனிங் மேல் சாக்பீஸ் தடவி, டிரம்மை மாட்டி ஒரு சுற்று சுற்றினால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும்.

ஷூ மாட்டியிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். இரண்டு ஷூவும் ஒன்றையொன்று தள்ளும் டியோ-சர்வோ வகையில், நீளம் குறைந்த லைனிங் வண்டியின் முன்பக்கம் பார்த்தும், நீண்டது பின்பக்கம் பார்த்தும் இருக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு, பிரேக் வரவில்லை என்று மாதக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு.

அப்புறம் அட்ஜஸ்ட்மென்ட். பின்சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்துக்கொள்ளுங்கள். ஷூ டிரம்மைப் பிடித்துச் சக்கரம் நிற்கும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பெடலை ஒருமுறை அழுத்தி ஷூவை நடுவில் உட்காரவைத்து, மறுபடி இறுக்கி, சக்கரம் லேசான உரசலோடு சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். ஒரு செலவும் இல்லாத வேலை. ஆழமாகப் போகும் பெடல் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ஆயில், காற்று

டாட் 3, டாட் 4 (DOT, பிரேக் ஆயிலின் தர வகை) ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கக்கூடும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டாட் 5 சிலிக்கோன் வகை. அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ ஒரு சொட்டும் இதற்குள் போகக் கூடாது, ரப்பர் கப்புகள் ஊதிவிடும். டாட் 3, 4 பெயின்ட்டையும் அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். சில கார்களில் வரிசை மாறும். சக்கரத்தின் உள்பக்கம் காற்றை வெளியேற்ற இருக்கும் திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். உதவியாளர் பெடலை மெதுவாக அழுத்தட்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள், குமிழ் வெளியேறியதும் மூடுங்கள், பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். டேங்கில் ஆயில் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். வழக்கமாகப் பிஸ்டன் போகாத ஆழத்தில் துரு படிந்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அந்தத் துருவில் உரசிக் கிழியும். காலிப்பரில் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும், அப்போது எத்தனை தடவை எடுத்தாலும் காற்று உள்ளேயே இருக்கும்.

அழுத்தத்தை அளந்து பாருங்கள்

இவ்வளவும் செய்து பெடல் கெட்டியாகிவிட்டது, ஆனாலும் வண்டி நிற்கவில்லையா? சரி, இனி ஊகம் வேண்டாம். நிப்பிள் இருக்கும் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி, காற்றெடுத்து, முழுப் பலத்தோடு பெடலை அழுத்துங்கள். பூஸ்டர் இல்லாத முன் டிஸ்க்கில் ஏறக்குறைய 800 முதல் 1000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்னும் அழுத்த அளவு) வரை வந்தால், கோளாறு சக்கரப் பக்கம்: லைனிங் அல்லது இறுகிய பிஸ்டன். 400, 500-இலேயே முள் நின்றுவிட்டால், பெடல் விகிதத்தையும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும்.

பெடல் சுழலும் அச்சிலிருந்து, கால் வைக்கும் இடத்தின் நடுவரை அளங்கள். அதே அச்சிலிருந்து புஷ்ராட் மாட்டியிருக்கும் துளைவரை அளங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது பெடல் விகிதம். 30 செ.மீ., 5 செ.மீ. என்றால் 6. பூஸ்டர் இல்லாத காருக்கு 6-ஐ ஒட்டி இருப்பது நல்லது. பூஸ்டர் உள்ள கார்களில் 4-ஐ ஒட்டி இருக்கும்.

காலால் 35 கிலோ விசை கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். விகிதம் 6 என்றால் புஷ்ராடில் 210 கிலோ. மாஸ்டர் சிலிண்டர் துளை 1 அங்குலமாக இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 590 பிஎஸ்ஐ. அதே கால், அதே பெடல், துளை மட்டும் 7/8 அங்குலம் என்றால் 770. இப்போது யாரோ பூஸ்டர் வண்டியின் பெடலையும் 1 அங்குல சிலிண்டரையும் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: விகிதம் 4, அழுத்தம் 390-ஐ ஒட்டித்தான் வரும். 770-இல் ஏறக்குறைய பாதி. பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு தவறு என்பது இதிலேயே தெரியும்.

சிறிய துளைக்கு ஒரு விலை உண்டு. 1 அங்குலத்திலிருந்து 7/8-க்கு வந்தால், அதே ஆயிலைத் தள்ளப் பெடல் சுமார் 30 சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டும். ஷூ அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இல்லாத வண்டியில் இதைச் செய்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். நான் அட்ஜஸ்ட்மென்ட்டை முதலில் செய்யச் சொன்னது இதற்காகவும்தான். சில கார்களின் பெடலில் புஷ்ராடுக்கு இரண்டு துளைகள் இருக்கும். அச்சுக்கு அருகில் உள்ளது பூஸ்டர் இல்லாத பிரேக்குக்கு. அதில் மாற்றி மாட்டினாலே விகிதம் கூடிவிடும். ஆனால் புஷ்ராட் வளையாமல் நேராகத் தள்ளுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பூஸ்டருக்கான மாஸ்டர் சிலிண்டர்களில் பிஸ்டன் குழி ஆழமில்லாமல் இருக்கும். பூஸ்டர் இல்லாத வண்டியில் அதிலிருந்து புஷ்ராட் நழுவி விழக்கூடும். ஆழமான குழி உள்ளதையே வாங்குங்கள்.

உங்கள் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி கொண்ட சிலிண்டர் இருந்தால், மாற்றும்போது இரட்டை வழி சிலிண்டருக்கு மாறுவதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ஒற்றை வழியில் ஒரு ஹோஸ் வெடித்தால் எல்லா பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். குழாய்களையும் அதற்கேற்பப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால் இதை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

லைனிங் தேர்வு

அழுத்தம் நன்றாக இருந்தும் பிடி குறைவு என்றால் லைனிங் ஓரத்தில் அச்சிட்ட குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து குளிர்ந்த நிலையின் உராய்வு, இரண்டாவது சூடான நிலை. இ (E) என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் (F) என்றால் 0.35 முதல் 0.45 வரை. இஇ-யிலிருந்து எஃப்எஃப்-க்கு மாறினால் அதே கால் விசைக்குக் கிடைக்கும் பிடி கண்கூடாகக் கூடும். பந்தயத்துக்கான கடினமான பேட் வேண்டாம். அது சூடேறிய பிறகுதான் பிடிக்கும், காலையில் முதல் சிக்னலில் கைவிட்டுவிடும்.

புது லைனிங் போட்டதும், போக்குவரத்து இல்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகக் குறையுங்கள். இப்படி எட்டுப் பத்து தடவை, நடுநடுவே ஆறவிட்டு. சூடான பிரேக்கைப் பிடித்தபடி முழுதாக நிறுத்தி வைக்காதீர்கள். பிறகு தொடக்கத்தில் செய்த 40 கிலோமீட்டர் சோதனையை மறுபடி செய்யுங்கள், ஒருவரை வெளியே பாதுகாப்பான தூரத்தில் நின்று சக்கரங்களைப் பார்க்கச் சொல்லி. பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும் ஆபத்து உண்டு. பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைச் சரிசெய்யாமல் வேகமாக ஓட்டாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஷூக்கள் உட்கார்ந்திருக்கும். அப்போது இன்னொரு முறை அட்ஜஸ்ட் செய்து, ஒவ்வொரு நிப்பிளையும் ஹோஸ் இணைப்பையும் காய்ந்த துணியால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.