‘லூஸ் அவுட்’: வலை போனதும் விலை போனதும் ஒன்றல்ல

பாம்பனில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். புயல் சேதம் பற்றிக் கடிதம் எழுதும் பயிற்சியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘வீ லாஸ்ட் அவுட் அவர் நெட்ஸ்’ என்று எழுதியிருந்தாள். வலை போய்விட்டது என்று சொல்ல வந்திருக்கிறாள். அதற்கு ‘லாஸ்ட்’ மட்டும் போதும்.

கையில் இருந்தது போனால் ‘லூஸ்’ (lose; இறந்தகாலத்தில் ‘லாஸ்ட்’). கைக்கு வரவேண்டியது வராமல் போனால் ‘லூஸ் அவுட்’.

ஏலம் நடக்கும் கரையை நினைத்துப் பாருங்கள். விடியலில் கரை சேர்ந்த படகின் நண்டுக்கு நல்ல விலை. வெயில் ஏறி வந்தவருடைய நண்டும் அதே தரம்தான், ஆனாலும் விலை இறங்கிவிட்டது. நண்டு அவரிடம்தான் இருக்கிறது. கிடைத்திருக்க வேண்டிய விலைதான் கிடைக்கவில்லை. ‘ஹி லாஸ்ட் அவுட் ஆன் எ குட் பிரைஸ்.’ அந்த ஆதாயம் யாருக்குப் போனது? முந்தி வந்தவர்களுக்கு. ‘ஹி லாஸ்ட் அவுட் டு தி எர்லியர் போட்ஸ்.’ எது கிடைக்கவில்லை என்பதற்கு ‘ஆன்’, யார் முந்திக்கொண்டார் என்பதற்கு ‘டு’. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன். நாட்டுப்படகுக்காரர் ‘லாஸ்ட் அவுட் ஆன் தி டிராலர்ஸ்’ என்று எழுதினால், அவருக்கு விசைப்படகே வரவேண்டியிருந்தது போல ஆகிவிடும்.

‘பாதிக்கப்பட்டேன்’ என்று மனதில் நினைத்துக்கொண்டு ‘ஐ வாஸ் லாஸ்ட் அவுட்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. இதற்குச் செயப்பாட்டுவினையே கிடையாது. ‘ஐ லாஸ்ட் அவுட்’தான். எழுத்திலும் கவனம் வேண்டும்: ‘லூஸ்’ என்பதில் ஒரே ஒரு ‘ஓ’. இரண்டு போட்டால் தளர்ந்தது என்று பொருள் மாறிவிடும்.

‘மிஸ் அவுட்’ இதற்கு நெருங்கிய சொந்தம். சுற்றுலாவுக்குப் போக முடியாத பிள்ளை ‘மிஸ்டு அவுட் ஆன் தி டிரிப்’. அங்கே யாரும் முந்திக்கொள்ளவில்லை, அதனால் ‘மிஸ் அவுட்’டோடு ‘டு’ சேர்த்து இன்னாரிடம் என்று பொதுவாகச் சொல்வதில்லை. நஷ்டத்தை அழுத்திச் சொல்ல ‘லூஸ் அவுட்’டே பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பத்துக்கு அது வராது. அந்த மாணவியின் கடிதத்தில் அதுவும் இருந்தது. இருவரும் சேர்ந்து திருத்தினோம்: ‘வீ லாஸ்ட் அவர் நெட்ஸ், அண்ட் வீ லாஸ்ட் அவுட் ஆன் தி ரிலீஃப்.’