எந்திரம் இல்லாமல் ஃபக்ஸ்: வன்னியில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு

ஃபக்ஸ் எல்லாம் இந்தக் காலத்தில் யார் பாவிக்கிறார்கள் என்று கேட்பவர்கள், கனடாவில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தோடோ வைத்தியரின் கிளினிக்கோடோ அலுவல் பார்த்திருக்க மாட்டார்கள். ஈமெயிலில் அனுப்பட்டுமா என்று கேட்டால், "இல்லை, ஃபக்ஸ் பண்ணுங்கள்" என்பார்கள். நம் பக்கத்திலும் அரச அலுவலகக் கடிதத் தலைப்புகளில் தொலைபேசி எண்ணுக்குக் கீழே தொலைநகல் எண் இன்னும் இருக்கிறது. மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுதல், வெளிநாட்டில் இருப்பவர்களின் காணி, ஆவண அலுவல்கள் என்று மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ வீட்டில் ஒரு மேசை போட்டு வேலை செய்பவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் இது தேவைப்படும். அதற்காகக் கிளிநொச்சி டவுனுக்குப் போய்க் கொமினிகேசன் கடை தேட வேண்டியதில்லை. கைபேசி போதும்.

ஒரு ஃபக்ஸ் எந்திரத்தையே வாங்கி வைத்தால் என்ன? வன்னியில் அது சரிவராது. எந்திரம் பக்கத்தை ஒலியாக மாற்றித்தான் போன் வயரில் அனுப்புகிறது. நம் வீடுகளில் வந்ததோ பெரும்பாலும் வயர் இல்லாத போன்கள்: முதலில் சிடிஎம்ஏ, இப்போது 4ஜி ரவுட்டரில் செருகுகிற போன். இவை மனிதப் பேச்சை மட்டும் மனதில் வைத்து ஒலியைச் சுருக்கி அனுப்புபவை. பேச்சு தெளிவாகக் கேட்கும். ஃபக்ஸ் ஒலி சிதைந்துவிடும். பாதிப் பக்கம் போய் அறுந்து நிற்கும்.

இணைய ஃபக்ஸ் சேவையில் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் பிடிஎஃப் கோப்பை ஏற்றிவிடுகிறீர்கள். போன் எடுத்து மறுபக்க எந்திரத்தோடு பேசுவது அவர்களுடைய சேர்வர். கொழும்பு பஸ் கொண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது மாதிரி. கோப்பு ஏறி முடிந்த பிறகு இங்கே கரண்ட் நின்றாலும் சிக்னல் போனாலும் ஃபக்ஸ் போய்ச் சேரும். மறுபக்கம் லைன் பிஸியாக இருந்தால் சேவையே திரும்பத் திரும்ப முயற்சி செய்யும்.

படி 1: தாளைத் தயார் செய்யுங்கள்

வேலையில் முக்கால்வாசி இங்கேதான். மற்றதெல்லாம் நாலு பட்டன்.

ஃபக்ஸுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும். இடையில் சாம்பல் என்று ஒன்று கிடையாது. மெல்லிய நிறம் எல்லாம் ஒன்றில் கறுப்பாகும், அல்லது காணாமல் போகும். கிராம சேவையாளரின் ஊதா முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் மறுபக்கம் வெறும் இடம்தான் வரும். பென்சிலில் எழுதியதும் அப்படியே. மஞ்சள் ஹைலைட்டர் இதற்கு நேர் எதிர்: முக்கியமான வரி என்று கோடு போட்டிருப்பீர்கள், அங்கே அந்த வரியை மூடி ஒரு கறுப்புப் பட்டை வரலாம். பின்னணியில் மெல்லிய கோலம் அச்சிட்ட சான்றிதழ்த் தாள்கள் முழுக்கப் புள்ளி புள்ளியாக இறங்கும். ஆகவே கையெழுத்துக்குக் கறுப்பு மைப் பேனா. முத்திரை வாங்கும்போது, கொஞ்சம் அழுத்தமாகக் குத்தித் தரும்படி அங்கேயே கேட்டுவிடுங்கள். பிறகு அதற்காக இன்னொரு முறை போக வேண்டாம்.

அடுத்தது எழுத்தின் அளவு. சாதாரணத் தரத்தில் ஃபக்ஸ் ஓர் அங்குல உயரத்தை 98 வரிகளாகத்தான் வெட்டுகிறது. 'ஃபைன்' என்ற தெரிவில் 196. ஆங்கில எழுத்து 98இல் சமாளித்துக்கொள்ளும். தமிழில் புள்ளி போய்விடும். ண, ன இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அடையாள அட்டை எண்ணில் 3, 6, 8 எல்லாம் ஒரே குமிழ். பெயரும் எண்ணும் உள்ள ஆவணம் என்றால் எப்போதும் ஃபைன்தான். நீங்களே தட்டச்சு செய்யும் கடிதத்தில் எழுத்தின் அளவு 12 பொயின்டுக்குக் குறைய வேண்டாம். பழைய சான்றிதழில் எண் தெளிவில்லாமல் இருந்தால், அதைக் கூட அனுப்பும் கடிதத்தில் பெரிதாகத் தட்டச்சு செய்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்ய எந்திரம் வேண்டாம். அன்ட்ராய்ட் கைபேசியில் கூகுள் டிரைவ் செயலிக்குள்ளேயே ஸ்கேன் இருக்கிறது. ஐபோனில் நோட்ஸ் செயலியில் இருக்கிறது. கமராவால் சும்மா படம் எடுத்து அனுப்பாதீர்கள். படத்தில் தாளின் ஓரம், மேசை, உங்கள் கையின் நிழல் எல்லாம் வரும், அவை அத்தனையும் கறுப்பாகும். காலையில் விறாந்தையில், நேரடி வெயில் படாத இடத்தில், தாளை நிலத்தில் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பிறகு கறுப்பு வெள்ளை வடிகட்டியைத் தெரிவு செய்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே வாசிக்க முடியாதது ஃபக்ஸிலும் வாசிக்க முடியாது. கறுப்பு வெள்ளையில் கோப்பும் சிறிதாகும். டேட்டா மெதுவாக இழுக்கும் இடங்களில் அதுவே பெரிய உதவி.

வட அமெரிக்காவுக்கு அனுப்புவதென்றால் தாளின் உயரத்தையும் யோசியுங்கள். நமது ஏ4 297 மில்லிமீற்றர். அவர்களுடைய 'லெட்டர்' தாள் சுமார் 279. மேலேயிருந்து அச்சாகி வரும்போது அடியில் இருக்கும் கையெழுத்து வெட்டுப்படலாம், அல்லது தனியாக இன்னொரு பக்கத்தில் போய் விழலாம். கடிதத்தின் அடியில் மூன்று விரல்கடை இடம் விடுங்கள்.

படி 2: பிடிஎஃப் ஆக்குங்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் பாமினி. நம் பக்கத்து அலுவலகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் நிறையப் பேர் அடிக்கிறார்கள். அந்த வேர்ட் கோப்பை அப்படியே ஏற்றினால், சேவையின் சேர்வரில் பாமினி இருக்காது. "மு"வுக்குப் பதில் "K" என்று ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் போய்ச் சேரும். வேர்டிலேயே 'சேவ் அஸ்' கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு கோப்புக்குள் பதிந்துவிடும். யூனிக்கோட்டில் அடித்தாலும் பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

படி 3: சேவையைத் தெரிவு செய்யுங்கள்

ஃபக்ஸ்ஸீரோ என்ற தளம் அமெரிக்கா, கனடா எண்களுக்கு இலவசமாக அனுப்ப விடுகிறது. அட்டைப் பக்கம் (முன்னால் போகும் முகப்புத் தாள்) தவிர மூன்று பக்கம் வரை, அட்டையில் அவர்களுடைய விளம்பரத்தோடு. எப்போதாவது ஒரு படிவம் அனுப்ப இது போதும். ஈஃபக்ஸ், ஃபக்ஸ் பிளஸ் போன்றவை கணக்குத் திறந்து கட்டணம் செலுத்திப் பாவிக்கும் சேவைகள்.

தொடங்குபவருக்கு என் யோசனை: மாதச் சந்தாவுக்குப் போகாதீர்கள், அனுப்பும் பக்கத்துக்கு மட்டும் காசு வாங்கும் சேவையாகப் பாருங்கள். "முதல் மாதம் இலவசம்" என்று சொல்லி கார்ட் எண் கேட்கும் தளங்கள், நிறுத்தச் சொல்லும் வரை மாதாமாதம் டொலரில் வெட்டிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் பட்டன் எங்கே இருக்கிறது என்று கார்ட் எண் கொடுக்க முன்னரே தேடிப் பாருங்கள். பக்கக் கணக்கையும் வாசியுங்கள்: சில சேவைகளில் ஒரு பக்கம் அனுப்ப 60 செக்கனுக்கு மேல் எடுத்தால் இரண்டு பக்கமாகக் கணக்கு வரும். கறுப்பு அப்பிய பக்கம்தான் நேரம் எடுக்கும் பக்கம். முதலாம் படியில் அவ்வளவு சொன்னது இதற்காகவும்தான்.

கார்ட் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் தளத்தில் இல்லை. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அந்த டெபிட் கார்ட் திறக்கப்பட்டிருக்காது. வங்கிக்குப் போன் பண்ணிச் சொன்னால் திறந்துவிடுவார்கள்.

படி 4: எண்ணைச் சரியாக எழுதுங்கள்

சேவையின் சேர்வர் வெளிநாட்டில் இருக்கிறது. அதனால் பக்கத்து ஊருக்கு அனுப்பினாலும் நாட்டுக் குறியீட்டோடுதான் எழுத வேண்டும், முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட வேண்டும். கிளிநொச்சியின் 021 என்பது +94 21 ஆகும். வவுனியாவின் 024 என்பது +94 24. மன்னாரின் 023 என்பது +94 23. 94க்குப் பிறகு ஒன்பது இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கனடா, அமெரிக்கா என்றால் +1, பிறகு பத்து இலக்கம்.

இலங்கை அலுவலகத்துக்கு அனுப்ப முன் ஒரு போன் எடுத்து, கடிதத் தலைப்பில் உள்ள எண் இப்போதும் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். எந்திரம் பழுதாகிக் கிடக்கும், எண் மட்டும் தலைப்பில் இருக்கும். சில இடங்களில் பேசுவதற்கும் ஃபக்ஸுக்கும் ஒரே லைன். ஆள் எடுத்து "ஹலோ" சொன்னால் உங்கள் ஃபக்ஸ் தோற்றுவிடும். எந்த நேரத்தில் ஃபக்ஸில் போட்டு வைப்பார்கள் என்றும் கேட்டுவையுங்கள்.

ரொறொன்ரோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பிந்தி இருக்கிறது. இங்கே இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் அங்கே காலை. எந்திரத்தில் தாள் முடிந்திருந்தாலும் போடுவதற்கு ஆள் இருக்கும்.

படி 5: அட்டைப் பக்கம், அனுப்புதல்

யாருக்கு, யாரிடமிருந்து, மொத்தம் எத்தனை பக்கம், திரும்பத் தொடர்புகொள்ள ஈமெயில். அட்டைப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்க வேண்டும். சட்டத்தரணி அலுவலகம் என்றால் கோப்பு இலக்கத்தையும் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபக்ஸ் தட்டில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் எதையும் அட்டையில் போடாதீர்கள். எந்திரத்தைக் கடந்து போகும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பக்கம்தான்.

பிறகு தளத்தில் கோப்பை ஏற்றி, எண்ணைப் போட்டு, ஃபைன் தெரிவு செய்து அனுப்புங்கள். சில சேவைகளில் ஈமெயிலில் இருந்தே அனுப்பலாம்: ஃபக்ஸ் எண்ணை முகவரியின் முன்பாதியாக எழுதி, பிடிஎஃப் கோப்பை இணைத்தால் சரி. அப்படி அனுப்பும்போது ஈமெயிலின் அடியில் தானாக வரும் பெயர், லோகோ எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அதுவும் ஒரு பக்கமாகப் போகலாம்.

படி 6: போய்ச் சேர்ந்ததா?

'அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தவுடன் எழும்பிப் போய்விடாதீர்கள். அது கோப்பு சேர்வருக்குப் போனதை மட்டும் சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் ஓர் உறுதிப்படுத்தல் ஈமெயில் வரும். எந்த எண், எத்தனை மணி, எத்தனை பக்கம் என்று அதில் இருக்கும். அனுப்பிய பக்கமும் போன பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தில் மூன்று போயிருந்தால் இடையில் லைன் அறுந்திருக்கிறது, முழுவதையும் திரும்ப அனுப்புங்கள். 'பிஸி' என்று வந்தால் அரை மணித்தியாலம் விடுங்கள். 'பதில் இல்லை' என்றாலோ, 'ஃபக்ஸ் எந்திரம் இல்லை' என்ற மாதிரி வந்தாலோ எண் பிழை, அல்லது யாரோ கையால் எடுத்திருக்கிறார்கள்.

அந்த உறுதிப்படுத்தலை பிடிஎஃப் ஆக்கித் திகதியோடு வைத்திருங்கள். "எங்களுக்கு வரவில்லை" என்று யாரும் சொன்னால் காட்ட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். சேவையின் கணக்குக்குள் கிடக்கும் ஆவணப் பிரதியை மட்டும் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். வேறொருவரின் பிறப்புச் சான்றிதழ் அங்கே சும்மா கிடக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு ஃபக்ஸ் வரவும் எண் வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். சேவைகள் வாடகைக்குத் தருவது அநேகமாக அமெரிக்க, கனேடிய எண்கள். முல்லைத்தீவில் இருந்து ஒருவர் உங்களுக்கு ஃபக்ஸ் அனுப்ப அவருக்கு ஐடிடி (வெளிநாட்டுக்கு நேரடியாக அழைக்கும்) வசதி வேண்டும். பல அலுவலக லைன்களில் அது இருக்காது. உங்கள் வாடிக்கையாளர்கள் ரொறொன்ரோவில் இருந்து கிழமைக்கிழமை ஏதாவது அனுப்புகிறார்கள் என்றால் மட்டும் ஒரு கனேடிய எண் எடுக்கலாம். அவர்களுக்கு அது உள்ளூர் அழைப்பு, உங்களுக்கு ஈமெயிலில் பிடிஎஃப் ஆக வந்து விழும்.

எதற்கு இது உதவாது

காணி அலுவல் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தரும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் சிலவற்றை வெளியே வைத்திருக்கிறது: மரண சாசனம், அற்றோணித் தத்துவம் (நமக்காக அலுவல் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்), அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணர் அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வைத்து ஃபக்ஸ் பண்ணினால், பெயரும் உறுதி இலக்கமும் சரியா என்று பார்க்க அது உதவும். உறுதி எழுதும் நொத்தாரிசு கேட்பது மூலப் பிரதியை. அதை அவர் அங்கிருந்து கூரியரில்தான் போட வேண்டும்.