ஸ்ரெரொயிட் வாங்கி டிஎன்ஏயில் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? விடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டாலும், மருத்துவ பீடத்தில் உயிர் இரசாயனம் தொடங்கியவர்களைக் கேட்டாலும், ஸ்ரெரொயிட் ஓமோன் பற்றி ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். ஓமோன் கலத்துக்குள் போகும், வாங்கி (receptor) என்ற புரதத்தோடு சேரும், இரண்டும் சேர்ந்து டிஎன்ஏயில் ஒட்டும், பரம்பரையலகு வேலை தொடங்கும். இதுவரை சரி. "இவ்வளவு நீளமான டிஎன்ஏயில் எந்த இடத்தில் ஒட்டுவது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால்தான் சிக்கல்.

இடத்தைத் தெரிவுசெய்வது ஓமோன் என்று எழுதாதீர்கள். ஓமோன் டிஎன்ஏயைத் தொடுவதேயில்லை. 1987 இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பியர் ஷாம்போனின் ஆய்வுகூடம் இதைத் தெளிவாகக் காட்டியது. ஈஸ்ரஜன் வாங்கியில் டிஎன்ஏயைப் பிடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே குளுக்கோகோர்ட்டிகொயிட் வாங்கியின், அதாவது கோர்ட்டிசோல் சேரும் வாங்கியின், அதே பகுதியை வைத்தார்கள். அந்தக் கலப்பு வாங்கிக்கு ஈஸ்ரஜன் கொடுத்தபோது, குளுக்கோகோர்ட்டிகொயிட்டுக்குரிய பரம்பரையலகு இயங்கியது. ஓமோனைப் பிடிப்பது ஒரு பகுதி, டிஎன்ஏயைப் பிடிப்பது வேறொரு பகுதி.

டிஎன்ஏயைப் பிடிக்கும் பகுதியில் சிங்க் விரல்கள் எனப்படும் இரண்டு மடிப்புகள் உண்டு. சிங்க் அயன்தான் டிஎன்ஏயைப் பிடிக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். சிங்க் செய்வது வேறு வேலை. ஒவ்வொரு விரலிலும் நான்கு சிஸ்ரெயின் அமினோ அமிலங்கள் ஒரு சிங்க் அயனைச் சுற்றிப் பிடிப்பதால் புரதத்தின் உருவம் குலையாமல் நிற்கிறது. டிஎன்ஏயின் எழுத்துகளான மூலங்களை (ஏ, ஜி, சி, ரி) வாசிப்பது முதலாம் விரலோடு சேர்ந்த சுருளி வடிவப் பகுதி. அது டிஎன்ஏயின் பெரிய பள்ளத்துக்குள் இறங்குகிறது. அங்கே மூன்று அமினோ அமிலங்கள்தான் முக்கியம். குளுக்கோகோர்ட்டிகொயிட் வாங்கியில் அவை கிளைசீன், செரீன், வலீன். ஈஸ்ரஜன் வாங்கியில் குளுட்டாமிக் அமிலம், கிளைசீன், அலனீன். இந்த மூன்றை மாற்றினாலே வாங்கி தேடும் மூலத் தொடர் மாறிவிடும் என்று 1989 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

தொடரை எழுதும்போதும் கவனம் வேண்டும். குளுக்கோகோர்ட்டிகொயிட் வாங்கியின் மாதிரித் தொடர் ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ, பிறகு எதுவாயினும் மூன்று மூலங்கள், பிறகு ரி-ஜி-ரி-ரி-சி-ரி. இதை "விகடகவி" போல ஒரே இழையில் பின்னிருந்து வாசித்துப் பார்த்தால் பொருந்தாது. எதிர் இழையில் வாசிக்க வேண்டும். முதற் பாதிக்கு எதிரே ரி-சி-ரி-ரி-ஜி-ரி நிற்கும்; எதிர் இழை மறுதிசையில் ஓடுவதால், அதன் திசைப்படி வாசித்தால் அதுவே ரி-ஜி-ரி-ரி-சி-ரி. இப்படி இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால், இரண்டு வாங்கி மூலக்கூறுகளும் எதிரெதிராக இணைந்து அமர்கின்றன. அந்த இணைப்பை இரண்டாம் விரல் ஏற்படுத்துகிறது.

இடைவெளி மூன்றை "சும்மா இருக்கும் மூலங்கள்" என்று தள்ளிவிடாதீர்கள். 1991 இல் யேல் பல்கலைக்கழகத்தில் வெளிக்கொணர்ந்த, குளுக்கோகோர்ட்டிகொயிட் வாங்கியின் பகுதி டிஎன்ஏயோடு சேர்ந்த பளிங்குக் கட்டமைப்பில், இடைவெளி நான்காக இருந்த டிஎன்ஏயும் பயன்பட்டது. வாங்கிகள் தங்களுக்கிடையிலான தூரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று தன் தொடரில் சரியாக அமர்ந்தது. மற்றது ஒரு மூலம் விலகி, தனக்குரியதல்லாத இடத்தில் அமர்ந்தது. எனக்கு இந்த விடயத்தில் மிகப் பிடித்த சான்று இதுதான்.

இனி, மிகப் பெரிய தவறு: "ஒவ்வொரு வாங்கிக்கும் தனித் தொடர் உண்டு." இல்லை. ஈஸ்ரஜன் வாங்கிக்கு வேறு தொடர் உண்டு என்பது உண்மை. ஆனால் கோர்ட்டிசோல், அல்டொஸ்ரரோன், புரொஜெஸ்ரரோன், ரெஸ்ரொஸ்ரரோன் ஆகிய நான்கின் வாங்கிகளும் பெரும்பாலும் ஒரே தொடரைத்தான் பிடிக்கின்றன. அப்படியென்றால் நான்கும் வேறு வேறு விளைவைத் தருவது எப்படி? தொடரை மட்டும் மனப்பாடம் செய்தவரிடம் இதற்கு விடை இராது.

இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு, வாங்கி டிஎன்ஏயை அடையுமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. அல்டொஸ்ரரோனின் வாங்கி கோர்ட்டிசோலையும் அதேயளவு இறுக்கமாகப் பிடிக்கும். குருதியிலோ கோர்ட்டிசோல்தான் பல மடங்கு அதிகம். சிறுநீரகக் கலத்தில் ஒரு நொதியம் கோர்ட்டிசோலைக் கோர்ட்டிசோனாக மாற்றி, வாங்கியில் சேரவிடாமல் செய்கிறது. அதிமதுரத்திலுள்ள கிளிசிரிசினிலிருந்து உடலில் உண்டாகும் அமிலம் இந்த நொதியத்தைத் தடுக்கும். அளவுக்கு மீறி அதிமதுரம் எடுப்பவருக்குக் குருதியமுக்கம் கூடி, பொற்றாசியம் குறைவதற்குக் காரணம் இதுவே. கைதடியில் சித்த மருத்துவம் படிப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பங்கு குரோமற்றினில், அதாவது புரதங்களில் சுற்றப்பட்ட டிஎன்ஏயில், இருக்கிறது. தொடர் இருக்கும் இடமெல்லாம் வாங்கி ஒட்டுவதில்லை. பெரும்பாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இடங்களிலேயே ஒட்டுகிறது. எந்த இடம் திறந்திருக்கும் என்பது கலத்துக்குக் கலம் வேறுபடும். மார்பகப் புற்றுநோய்க் கலங்களில், குரோமற்றினைத் திறக்க உதவும் பொக்ஸ்ஏ1 என்ற புரதத்தைக் குறைத்தால், ஈஸ்ரஜன் வாங்கி வழமையாக ஒட்டும் இடங்களில் பெரும்பாலானவற்றில் அதன் பிடி தளர்கிறது.

ஒட்டிய வாங்கி ஒட்டியபடியே இருக்கும் என்பதும் தவறு. உயிருள்ள கலத்தில் ஒளிரும் வாங்கியைப் பின்தொடர்ந்து 2000 இல் வெளிவந்த ஆய்வு, அது செக்கன் கணக்கில் வந்து வந்து விலகுவதைக் காட்டியது. ஆகவே படம் வரையும்போது வாங்கிக்கும் டிஎன்ஏக்கும் இடையே அம்புக்குறியை இரு திசையிலும் போடுங்கள்.