விசாவில் இருந்துகொண்டு ஸ்டார்ட்அப்: தடுக்கி விழும் இடங்கள்

சொந்தக் கம்பெனி தொடங்கும் ஆசையோடு ஜோதி பன்சால் 2000-இல் அமெரிக்கா போனார். ஆப்டைனமிக்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியை அவர் தொடங்கியது 2008-இல். இடைப்பட்ட காலத்தில் யோசனைக்குப் பஞ்சமில்லை. முதலாளியைச் சாராமல் வேலை செய்ய அனுமதிக்கும் அட்டை கைக்கு வர மட்டும் ஏழு வருடம் ஆனது. 2017-இல் அந்தக் கம்பெனியை சிஸ்கோ 370 கோடி டாலருக்கு வாங்கியது.

எல்லோராலும் ஏழு வருடம் பொறுக்க முடியாது. பொறுக்க வேண்டிய அவசியமும் இப்போது குறைவு, வழிகள் கூடியிருக்கின்றன. ஆனால் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்துகொண்டு தொடங்குகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் தயாரிப்பிலோ சந்தையிலோ இல்லை, தேதிகளில்தான். கம்பெனி ஒரு நாட்காட்டியில் ஓடுகிறது, குடியேற்றக் காகிதம் வேறொன்றில் நகர்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் மற்றது காலை வாரிவிடும்.

"சம்பளம் வாங்கவில்லையே, அப்புறம் என்ன?"

அதிகம் காதில் விழும் வாதம் இது. எச்-1பி என்பது குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தில் வேலை செய்யக் கிடைத்த அனுமதி. அதில் இருப்பவர் தன் பெயரில் கம்பெனியைப் பதிவு செய்யலாம், பங்கு வைத்துக்கொள்ளலாம், முதலீடு செய்யலாம். அந்தக் கம்பெனிக்காக வேலை செய்யக் கூடாது, அவ்வளவுதான். இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து புரோகிராம் எழுதுவதும் வாடிக்கையாளருக்கு டெமோ காட்டுவதும் வேலைதான். சம்பளம் வாங்காததால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. இன்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பது உண்மை. சில வருடம் கழித்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். அதற்குள் லிங்க்ட்இன் பக்கத்தில் "நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி" என்று ஆரம்பத் தேதியோடு நீங்களே எழுதி வைத்திருப்பீர்கள்.

நேரான வழி உண்டு. உங்கள் ஸ்டார்ட்அப்பே உங்களுக்காகப் பகுதி நேர எச்-1பி மனு போடலாம், இருக்கும் வேலையை விட வேண்டியதில்லை. எச்-1பிக்கு வருடாந்தர வரம்பு இருப்பதால் லாட்டரி நடத்தி ஆள் எடுக்கிறார்கள்; ஏற்கெனவே அதில் தேர்வாகி அந்த எண்ணிக்கையில் சேர்ந்தவராக இருந்தால் மறுபடி லாட்டரி கிடையாது. ஆனால் அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த ஊதியத்தைக் கம்பெனி உண்மையிலேயே கொடுக்க வேண்டும். அதாவது முதலில் கொஞ்சம் பணம் திரட்டியாக வேண்டும்.

இதற்குச் சோம்பல்பட்டு சிலர் எடுக்கும் குறுக்கு வழி, மனைவி பெயரிலோ கணவர் பெயரிலோ கம்பெனி. துணைவருக்கு எச்-4 (எச்-1பிகாரரின் துணைவருக்கான விசா) வேலை அனுமதி இருந்து, அவரே உண்மையில் கம்பெனியை நடத்தினால் எந்தத் தவறும் இல்லை. 2015 முதல் அந்த அனுமதி புழக்கத்தில் இருக்கிறது. காகிதத்தில் அவர், கணினி முன்னால் இவர் என்றால், சிக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் சிக்குவார்கள்.

யாருடைய லேப்டாப்?

வேலைக்குச் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்ட தாள்களில், நீங்கள் கண்டுபிடிப்பதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒன்று இருக்கும். கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டத்தின் 2870-ஆம் பிரிவு கொஞ்சம் காப்பாற்றும். சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவிகளையோ ரகசியங்களையோ தொடாமல் செய்தது உங்களுடையது. ஆனால் அது நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையதாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பெரிய நிறுவனங்களின் தொழில் எதைத்தான் தொடாமல் இருக்கிறது? அலுவலக லேப்டாப்பில் ஒரே ஒரு மாலை வேலை செய்திருந்தாலும், முதலீட்டாளரின் வக்கீல் கேட்கும்போது பதில் சொல்ல நாக்கு குழறும்.

ஒரு மாதம் முந்தி ராஜினாமா

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது, ஏனென்றால் கொஞ்சம் பொறுத்திருந்தாலே தவிர்த்திருக்கலாம். உங்கள் கிரீன் கார்டுக்காக முதலாளி போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டு 180 நாள் கடந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் அதைத் திரும்பப் பெற்றாலும் பொதுவாக ஒப்புதல் ரத்தாகாது. கிரீன் கார்டு வரிசையில் நீங்கள் பிடித்த தேதி உங்களோடு வரும், ஆறு வருட வரம்பைத் தாண்டி எச்-1பியை நீட்டிக்கவும் கைகொடுக்கும். வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டுகள் வருடத்துக்குச் சுமார் 1,40,000. அதில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவிகித உச்சவரம்பு. இந்தியாவில் பிறந்தவருக்கு அந்தத் தேதி சொத்து மாதிரி. ஐ-140 நிலுவையில் இருக்கும்போதே "ஐடியா சூடாக இருக்கிறது" என்று வெளியே வருகிறவர்கள் அந்தச் சொத்தைப் பணயம் வைக்கிறார்கள்.

வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான். அடுத்த மனுவைத் தயார் செய்துவிட்டு ராஜினாமா கொடுங்கள். முதலீட்டுப் பேச்சுவார்த்தை 60 நாளில் முடியும் என்று நம்புகிறவர் இன்னும் முதலீட்டாளர்களைச் சந்திக்கவில்லை என்று அர்த்தம்.

பழைய விதியை நம்புவது

"சொந்தக் கம்பெனி எச்-1பி கொடுக்க முடியாது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜனவரி 17 முதல் நடைமுறையில் உள்ள விதி, பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் நிறுவனருக்கும் இடம் கொடுக்கிறது. முதல் ஒப்புதலும் முதல் நீட்டிப்பும் ஒவ்வொன்றும் 18 மாதத்துக்குள் அடங்கும். மூன்று வருடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

தனித்திறமை உள்ளவர்களுக்கான ஓ-1 விசாவுக்கு லாட்டரி கிடையாது. எட்டு அளவுகோல்களில் மூன்றையாவது காட்ட வேண்டும்: பரிசுகள், உங்களைப் பற்றி ஊடகத்தில் வந்தவை, பிறர் வேலையை மதிப்பிட்ட அனுபவம், முக்கியப் பங்களிப்பு இப்படி. இங்கே தவறு தகுதி இல்லாமை அல்ல, சேர்த்து வைக்காமை. ஹேக்கத்தானுக்கு நடுவராகப் போனால் அழைப்பு மின்னஞ்சலை எடுத்து வையுங்கள். அதே கோப்பு பின்னால் ஈபி-1ஏ என்ற கிரீன் கார்டு மனுவுக்கும் உதவும், அதை உங்கள் பெயரில் நீங்களே போடலாம்.

இன்னொன்று: இதையெல்லாம் உங்கள் தற்போதைய நிறுவனத்தின் குடியேற்ற வக்கீலிடம் கேட்காதீர்கள். அவருக்குக் கட்டணம் கொடுப்பது அந்த நிறுவனம்.

கம்பெனியைப் பதிவு செய்யும்போது

வரி மிச்சமாகும் என்று எஸ்-கார்ப் (லாபத்துக்குக் கம்பெனிக்குப் பதில் பங்குதாரர்களே வரி கட்டும் வகை) தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் வரிக்குடியிருப்பு இல்லாத வெளிநாட்டவர் அதில் பங்குதாரராக இருக்க முடியாது, வெஞ்சர் நிதிகளும் முடியாது. ஊரில் இருக்கும் கோ-ஃபவுண்டருக்கு ஒரு பங்கு கொடுத்தாலே அந்த அந்தஸ்து போய்விடும். டெலவேர் மாநிலத்தில் பதிவு செய்த சி-கார்ப், அதாவது பங்குதாரர் யார் என்ற இந்தக் கட்டுப்பாடு இல்லாத வழக்கமான கம்பெனி, போதும்.

நிறுவனர் பங்குகள் வழக்கமாக நான்கு வருடத்தில் படிப்படியாக வசமாகும், முதல் வருடம் முடியாமல் எதுவும் கிடையாது. கோ-ஃபவுண்டர் கல்லூரித் தோழனாக இருந்தாலும் இது வேண்டும், தோழனாக இருந்தால் கட்டாயம் வேண்டும். இதோடு ஒட்டிய இன்னொரு தேதி 83(பி). பங்கு வசமாகும்போது அல்ல, வாங்கும்போதே உள்ள மதிப்பில் வரி போடுங்கள் என்று, பங்கு கைமாறிய 30 நாளுக்குள் வரித்துறைக்கு அனுப்ப வேண்டிய கடிதம் இது, ஒரு நாள் தவறினாலும் கருணை இல்லை. அதை அனுப்பாமல் 400 டாலருக்கு 40 லட்சம் பங்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு வருடம் கழித்து 10 லட்சம் பங்கு வசமாகும் நாளில் ஒரு பங்கின் மதிப்பு ஒரு டாலர் என்றால், கையில் காசே வராமல் பத்து லட்சம் டாலர் வருமானத்துக்கு வரி. அப்போது வெளிநாட்டில் இருக்கும் நிறுவனர் "எனக்கென்ன அமெரிக்க வரி" என்று விட்டுவிடுவார். பங்கு வசமாகி முடிவதற்குள் அமெரிக்காவில் குடியேறினால் அவருக்கும் இதே கதைதான்.

முதல் வருட முடிவில் டெலவேரிலிருந்து 85,165 டாலர் வரி என்று ஒரு கணக்கு வரும். ஒரு கோடி பங்கு அங்கீகரித்த கம்பெனிக்கு அப்படித்தான் வரும், மயங்கி விழ வேண்டாம். கணக்கிட இன்னொரு முறையும் இருக்கிறது, அதில் புதிய கம்பெனிக்குப் பெரும்பாலும் 400 டாலர்தான். மார்ச் 1-க்குள் கட்டிவிடுங்கள்.

சென்னையிலோ கோவையிலோ ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கி அங்கே பொறியாளர்களை வைப்பது சகஜம். அதன் பங்குகளைத் தன் பெயரில் வைப்பதுதான் தவறு. அமெரிக்காவில் வரி கட்டுகிறவர் வெளிநாட்டுக் கம்பெனியில் பத்து சதவிகிதம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால், பெரும்பாலும் 5471 என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய நேரும். விட்டால் வருடத்துக்கு ஒரு படிவத்துக்கு 10,000 டாலர் அபராதம், லாபமே இல்லாவிட்டாலும். முதலீட்டாளர் வருவதற்குள் எப்படியும் அந்தப் பங்குகளை டெலவேர் கம்பெனியின் பெயருக்கு மாற்றச் சொல்வார்கள். மதிப்பீட்டுச் சான்று, அன்னியச் செலாவணிப் படிவங்கள் என்று அது மாதக்கணக்கில் இழுக்கும். தொடங்கும்போதே டெலவேர் கம்பெனியின் பெயரில் வாங்கியிருந்தால் இந்த மாற்று வேலை இல்லை.