பாதிப் பெட்டி காலியாக வாருங்கள்: ராமநாதபுரம் கடற்கரைக்குப் புறப்படுவோருக்கு

கீழக்கரையில் என் லாத்தா (அக்கா) வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. வாப்பா (அப்பா) கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போய்வந்த காலத்துப் பெட்டி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக துபாயிலிருந்து ஊருக்கு வந்துபோகும் எனக்குப் பாதிச் சுமையைக் குறைத்தது அந்தப் பெட்டிதான். நாலு கைலி, மூன்று பருத்திச் சட்டை, இரண்டு துண்டு, ரப்பர் செருப்பு, குடை, டார்ச் லைட், ஒரு பழைய போன், இவ்வளவும் அதில் எப்போதும் இருக்கும். கிளம்பும் நாளில் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அந்துருண்டை போட்டு மூடிவிட்டு வருவேன். அடுத்த முறை வந்து இறங்கியதும் திறந்தால் போதும். ஊரில் அம்மா வீடோ அக்கா வீடோ இருக்கிறவர்கள் எல்லாரும் இப்படி ஒரு பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். வரும்போது பாதிப் பெட்டி காலியாக இருந்தால்தான் திரும்பும்போது ஊரை அதில் நிரப்ப முடியும்.

அந்தப் பழைய போனில் இருப்பது ஊர் சிம். அதை அணையவிடாதீர்கள். ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடலாம், எண்ணும் வேறு ஒருவர் கைக்குப் போய்விடலாம். வங்கி ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான். லாத்தா மகன் மாதம் ஒருமுறை ரீசார்ஜ் செய்து, தன் உம்மாவுக்கே அதிலிருந்து ஒரு போன் அடித்துவிட்டு வைத்துவிடுவான். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்கள் அமீரகம், சிங்கப்பூர், பிரிட்டன், கனடா போன்ற நாட்டு எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள வழி உண்டு, உங்கள் வங்கி அதற்கு இடம் தருகிறதா என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். மீன் விற்கும் அக்காகூட இப்போது கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். ஆனாலும் சில்லறை நோட்டு கொஞ்சம் வேண்டும். போன தடவை மிச்சமான ரூபாய் அலமாரியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்: 2016-இல் செல்லாததான பழைய 500, 1000 நோட்டுக்கு இனி மதிப்பில்லை, 2000 ரூபாய் நோட்டும் 2023-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

சரி, உடுப்புக்கு வருவோம். எங்கள் கரையில் உங்கள் சாமானைக் கெடுப்பவை மூன்று: உப்பு, மணல், ஈரம். தோல் செருப்பும் தோல் பையும் மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். மினுமினுக்கும் உலோக பட்டன், சங்கிலி எல்லாம் கறுத்துப்போகும். பெட்டியின் ஜிப்பைத்தான் நான் முதலில் கவனிப்பேன். கடற்கரைக்குப் போய்வந்த பையின் ஜிப்புப் பல்லைக் கிட்டத்தில் பாருங்கள், இடுக்கு இடுக்காக வெள்ளைப் பொடி படிந்திருக்கும். இரண்டு நாள் அப்படியே விட்டால் இறுகிவிடும், பலமாக இழுத்தால் கையோடு வந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒரு மெழுகுவத்தியைப் பல்மேல் மேலும் கீழும் தேய்த்துவிடுங்கள். பத்து ஆண்டாக ஒரே பெட்டியை இப்படித்தான் காப்பாற்றி வருகிறேன். போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, கண்ணாடி துடைக்க ஒரு பழைய வேட்டித்துண்டு, அவ்வளவு போதும்.

எந்த மாதம் வருகிறீர்களோ அந்த மாதத்துக் காற்றைப் பார்த்துப் பெட்டி கட்டுங்கள். பள்ளி விடுமுறைக்கு ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்குத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். ஆண்கடல் என்று எங்கள் ஆட்கள் சொல்வது அந்தப் பக்கத்தைத்தான். பாக் விரிகுடாப் பக்கம் பெண்கடல், அது அப்போது அடங்கியிருக்கும். தனுஷ்கோடிச் சாலையில் மணல் பறந்து கண்ணிலும் காதிலும் அடைக்கும். பெண்களுக்குத் துப்பட்டா, குழந்தைகளுக்குக் கண்ணை மூடும்படியான கண்ணாடி கட்டாயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் மழையும், அப்போது சீக்கிரம் காயும் துணி வேண்டும். ஏப்ரல், மே மாத வெயிலைப் பற்றி வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீனுக்காகவே வருகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், வரத்து குறைவு, விலை கூடுதல். ஜனவரி, பிப்ரவரிதான் எனக்குப் பிடித்த காலம்.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடப்போகிறவர்களுக்குத் தனிப் பை வேண்டும். துபாயில் எங்கள் அடுத்த வீட்டு நண்பர் குடும்பம் ஊருக்கு வந்தால் நான்தான் அழைத்துப்போவேன். அவர்கள் உள்ளே போயிருக்கும் நேரத்தில் வெளியே பைகளோடு உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு. அதனால் அங்கே படுகிற சிரமம் எல்லாம் எனக்குப் பழக்கம். முதலில் அக்னி தீர்த்தம், அது கடல். பிறகு கிணறு கிணறாக வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். ஈர உடையோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள், மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே நனைவதற்கு அடர்ந்த நிறத்தில் கனமான பருத்தி உடை ஒன்று, மாற்றுக்கு ஒன்று, துண்டு, ஈரத்தைச் சுருட்டிவைக்கத் தண்ணீர் கசியாத உறை ஒன்று. மெல்லிய வெளிர் நிறத் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு பெண்களைச் சங்கடப்படுத்தும். நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை. வயதானவர்கள் வழுக்காத காலடியோடு மெதுவாக நடக்கட்டும், கல்தளம் முழுக்க ஈரம்.

ஏர்வாடி தர்காவுக்கும், வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலத்தை அருகில் கொண்ட எங்கள் பழைய ஜும்மா பள்ளிக்கும் வருகிறவர்கள் தலைக்கு ஒரு கைக்குட்டையோ துப்பட்டாவோ வைத்துக்கொண்டால் போதும்.

தனுஷ்கோடி வழியாக அதன் கோடியில் உள்ள அரிச்சல்முனைக்குப் போகும் நாளில் குடிநீர், தொப்பி, குழந்தைக்கு மாற்றுடை எல்லாம் கையில் இருக்கட்டும். நிழல் கிடையாது. 1964 புயல் விட்டுப்போன தேவாலயச் சுவரையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். முனையில் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள், இரண்டு கடலும் கூடும் இடம், காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்குப்பிடிக்கும். சீயக்காய்ப் பொடி ஊரிலேயே கிடைக்கும், அதைத் தேய்த்தால் பரவாயில்லாமல் இருக்கும். குடிக்கக் கேன் தண்ணீர்.

மருந்தைக் கைப்பையில் வையுங்கள். ஒரு முறை என் பெட்டி மட்டும் விமானத்தில் வராமல் இரண்டு நாள் கழித்து வந்தது, சர்க்கரை மாத்திரை அதற்குள். அன்று இரவு லாத்தாவும் மச்சானும் மருந்துக்கடை தேடி அலைந்ததை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. அன்றிலிருந்து ஐந்து நாள் மாத்திரையும், மருந்தின் மூலப்பெயர் தெரியும்படியான சீட்டின் போட்டோவும் என் கைப்பையை விட்டுப் போனதில்லை. காய்ச்சல் மாத்திரை, ஓஆர்எஸ், கொசு மருந்து எல்லாம் எந்தத் தெருவிலும் கிடைக்கும், சுமந்துவராதீர்கள். பிளக்குக்கு ஒரு வழி: துபாய், மலேசியா, சிங்கப்பூர், லண்டன் எல்லா இடத்திலும் சதுர முள், ஊரில் உருண்டை முள். ஒவ்வொரு சார்ஜருக்கும் அடாப்டர் தேடாமல், நீங்கள் இருக்கும் நாட்டு எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றையும் ஒரே ஒரு அடாப்டரையும் கொண்டுவாருங்கள். வீடே அதில் சார்ஜ் போடும்.

சில சாமான்கள் வரவே கூடாது. இ-சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை. சாட்டிலைட் போனுக்கு முன் அனுமதி வேண்டும், இல்லாமல் கொண்டுவந்தால் பெரிய சிக்கல். ட்ரோனும் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, இது எல்லைக் கடல்.

அன்பளிப்பு சாமான்களை வீடுவாரியாகப் பிரித்து, உறைமேல் பெயர் எழுதி, அங்கேயே கட்டிவிடுங்கள். கோடாலித் தைலம், அத்தர், பேரீச்சம்பழம், பிள்ளைகளுக்கு சாக்லேட், எதுவானாலும் சரி. எல்லாரும் கூடியிருக்கும் இடத்தில் பெட்டியைத் திறந்து பங்குவைத்தால் யாராவது ஒருவர் முகம் வாடும். பெயர் எழுதிய உறையை அவரவர் வீட்டுக்குப் போய்க் கையில் கொடுத்தால் ஒரு தேத்தண்ணீரும் நாலு வார்த்தையும் கூடவே கிடைக்கும். மூட்டை கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு: தட்டையான பக்கம் இல்லாத உருண்டை மூட்டைகளை துபாய் விமான நிலையம் 2017 முதல் ஏற்பதில்லை.

மதுரையில் இறங்கினால் ராமநாதபுரம் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். சென்னையில் இறங்குகிறவர்களுக்கு இரவு ரயில் சுகம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபிறகு மறுபடியும் ராமேஸ்வரம் வரை ரயில் போகிறது. ராமநாதபுரத்தில் சில நிமிடம்தான் நிற்கும், விடியுமுன் பெட்டிகளைக் கதவருகே நகர்த்திவிடுங்கள்.

திரும்பும் பெட்டிதான் எனக்கு முக்கியம். கருவாடு வாங்கினால் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். நெத்திலியைக் கையில் எடுத்து வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்துகொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. வீட்டில் இன்னும் ஒருநாள் மாடி வெயிலில் போட்டு, சூடு ஆறியபின் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இறுக மூடும் டப்பாவில் வைத்தால் வாடை வெளியே வராது. சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும். கருப்பட்டியையும் ஈரக்காற்றில் விட்டால் கசிந்துவிடும், அதற்கும் செய்தித்தாள்தான். எங்கள் கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் வற்றல், பனையோலைப் பெட்டி, இவை மூன்றும் வாங்காமல் போகாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. உம்மா (அம்மா) அரைத்துத் தரும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். அமீரகம், சவுதி, கத்தார், சிங்கப்பூருக்கு அது போகக்கூடாது, சிறைவரை கொண்டுபோய் விடும். எங்கள் வீட்டில் எனக்கென்று தனியாக முந்திரி போட்டு அரைப்பார்கள். கொப்பரைத் தேங்காயையும் விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைக்காதீர்கள். அப்புறம், கடற்கரையில் யாராவது பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை என்று நீட்டினால் வாங்க வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதைவிட, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி அந்தப் பவளம் இருப்பதால்தான் எங்கள் கடலில் மீன் இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் எந்தத் தின்பண்டம் வைத்திருந்தாலும் இறங்கும்போது எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும் அன்று காலை தகரப் பெட்டியை மறுபடி அடுக்குவேன். மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அடுத்த முறைக்கு என்ன வேண்டும் என்று அதில் எழுதிவைப்பேன். இந்த முறை எழுதியது: குடைக் கம்பி துருப்பிடித்துவிட்டது, புதுக்குடை. டார்ச்சுக்கு பேட்டரி. லாத்தாவுக்குக் கண்ணாடிப் பவர் மாறியிருக்கிறது, சீட்டு போனில் இருக்கிறது.