நல்ல வழிகாட்டியைப் பிடுங்கிக் குழுவில் நடாதீர்கள்

கடந்த மாதம் பக்கத்து மாவட்டத்தில் ஓர் அறக்கட்டளை தன்னுடைய தன்னார்வலர் தலைமைக் குழுவைத் தொடங்கிவைத்தபோது என்னையும் அழைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியை இணைத்துவிடுவது அவர்களுடைய பணி. டெல்டா மாவட்டங்களில் நாங்கள் செய்துவருவதும் அதுதான். பொன்னாடை போர்த்தப்பட்டவர்களின் பெயர்களை ஒருவர் ஒலிபெருக்கியில் வாசிக்க வாசிக்க, சில ஆண்டுகளுக்கு முன் நான் அமைத்து, ஒன்றரை ஆண்டில் கலைத்த முதல் குழுவின் பட்டியலையே திரும்பக் கேட்பது போலிருந்தது. விழா முடிந்து சாப்பிடும்போது ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல நினைத்ததையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்: இப்படிப்பட்ட குழுவை அமைக்கும்போது நாம் செய்யும் தவறுகள் இவை. கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், கட்சிப் பொறுப்பில் இருப்பவரைத் தலைவராக்கக் கூடாது என்பன போன்றவற்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் அவற்றைச் சொல்லத் தேவையில்லை.

லெட்டர்பேடில் மட்டும் இருக்கும் பெயர்கள்

தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவரின் பெயரை அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள்.

குழுவின் அதிகாரம் எதுவரை என்று எழுதாமல் விடுவது

தலைமைக் குழு வேறு, அறங்காவலர் குழு வேறு. அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள்தாம் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர்கள். மாவட்டக் குழுவில் இருப்பவர்கள் எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பொறுப்பு அவர்கள் தலையில் விழுவதில்லை. இந்த வேறுபாட்டை நாம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். என் முதல் குழுவில் இருந்த ஓர் உறுப்பினர், மிகுந்த நல்லெண்ணத்துடன், ஒரு திருமண மண்டபத்தில் உறவினர்களிடம் நன்கொடை திரட்டி, தாமே அச்சடித்த ரசீதுப் புத்தகத்திலிருந்து ரசீதும் கொடுத்துவிட்டார். வரிவிலக்கு வேண்டி அவர்கள் எங்களிடம் வந்தபோதுதான் எங்களுக்கே செய்தி தெரிந்தது. நன்கொடையாளருக்கான 80ஜி வரிவிலக்கு 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கிடையாது என்பதையும், நன்கொடையாளர் விவரங்களை அறக்கட்டளைதான் ஆண்டுதோறும் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளக்கி மன்னிப்புக் கேட்பதிலேயே எனக்கு ஒரு மாதம் போயிற்று.

இப்போது குழுவில் சேருபவருக்கு முதல் நாளே ஒரு பக்கத் தாளைக் கொடுக்கிறோம். குழு தானே முடிவு செய்யக்கூடியவை, கருத்து மட்டும் சொல்லக்கூடியவை, தொடவே கூடாதவை என்று அதில் மூன்று பத்திகள் உள்ளன. பணம் வாங்குவது மூன்றாம் பத்தியில் இருக்கிறது. பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள் என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது.

சிறந்த வழிகாட்டிகளைக் குழுவுக்கு இழுத்துக்கொள்வது

மற்றத் தவறுகளைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இதை அப்படிச் சொல்ல முடியவில்லை. புதிதாகக் குழு அமைப்பவர்கள் என்னை அழைத்து, “சார், எங்கள் வழிகாட்டிகளிலேயே மிகச் சிறந்த ஆறு பேரைத் தேர்ந்தெடுத்துக் குழுவில் போட்டுவிட்டோம்” என்று பெருமையாகச் சொல்லும்போது, வாழ்த்துச் சொல்ல வாய் வருவதில்லை. அந்த ஆறு பேருக்காகக் காத்திருக்கும் ஆறு பிள்ளைகளின் முகம்தான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

என் முதல் குழுவையும் நான் அப்படித்தான் அமைத்தேன். எங்களிடம் ஒரு வழிகாட்டி இருந்தார்; வங்கி ஊழியர். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமையும் நான்காம் சனிக்கிழமையும் கிளை நூலகத்தில் ஒரு மாணவியைச் சந்தித்துவந்தார். முதல் நான்கு சந்திப்புகளில் அந்தப் பெண் ஏறக்குறைய எதுவுமே பேசவில்லை என்றும், ஐந்தாவது சந்திப்பில் தன் தந்தையின் கடனைப் பற்றித் தானாகவே பேசத் தொடங்கினாள் என்றும் அவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் நான் அவரைக் குழுவின் செயலாளராக்கினேன். அது அவருக்கான மரியாதை என்று நினைத்தேன். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். அதன் பிறகு இரண்டாம் சனிக்கிழமை குழுக் கூட்டத்துக்கும், நான்காம் சனிக்கிழமை நன்கொடையாளர்களைப் பார்ப்பதற்கும் போயின. மாணவியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இரண்டு முறை நூலகத்துக்கு வந்து காத்திருந்துவிட்டுத் திரும்பியதை நூலகர்தான் பின்னர் என்னிடம் சொன்னார். மூன்றாம் முறை அவள் வரவில்லை.

அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பில் நுழைந்திருந்தாள். மே மாதம் தேர்வு முடிவு வந்து பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பற்றி எடுத்துச் சொல்ல அவள் பக்கத்தில் யாரும் இல்லை. படித்தது அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு அவளுக்குப் பொருந்தாது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒன்றே அவளுக்கு இருந்த வழி. சான்றிதழ் நேரத்துக்குக் கைக்கு வராமல், முதலாண்டுக் கட்டணத்தை அவளுடைய தந்தை வட்டிக்கு வாங்கிக் கட்டினார். வழிகாட்டி அவளுடன் இருந்திருந்தால் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போயிருப்பார். அவரோ அந்த ஏப்ரலில் எங்களுடைய ஆண்டு விழா அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார்; திருத்தச் சொன்னவன் நான்தான்.

இது எங்கள் ஊரின் தனிக்கதை அன்று. அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பில் சேர விண்ணப்பித்த 1,138 பதின்வயதினரைப் பற்றி ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் மிகுதியான முன்னேற்றங்கள் தெரிந்தன என்கிறது. சீக்கிரம் முடிந்த உறவுகளில் பயன் படிப்படியாகக் குறைகிறது. மிகக் குறுகிய காலத்தில் அறுந்த உறவுகளிலோ பிள்ளைகள் சிலவற்றில் முன்பிருந்ததைவிடவும் பின்னடைந்திருந்தார்கள். வழிகாட்டி வந்து பாதியில் போவது, வராமலே இருப்பதைவிடக் கெடுதலாகக்கூடும் என்று இதற்குப் பொருள். குழு அமைக்கிறேன் என்று சொல்லி ஆறு இணைகளை நாமே அறுத்துவிட்டு, அதற்குத் தலைமைத்துவ வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் பெயரும் வைக்கிறோம்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். குழுவில் இடம் கொடுப்பதை நாம் பதவி உயர்வாகவே பார்க்கிறோம். ஒரு பிள்ளையுடன் நூலகத்தில் உட்கார்ந்திருப்பதைக் கீழ்ப்படியாகவும் மேடையில் உட்கார்ந்திருப்பதை மேற்படியாகவும் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டு வேலைகளுக்கும் வேண்டிய குணங்கள் ஒன்றல்ல. நல்ல வழிகாட்டி பெரும்பாலும் பொறுமையாகக் கேட்பவர், அவசரப்படாதவர், ஒரே ஆளிடம் நீண்ட நாள் நிற்பவர். குழு வேலையோ முதன்மைக் கல்வி அலுவலரின் அலுவலகத்துக்கு நான்கு முறை நடப்பது, மண்டபத்துக்காரரிடம் வாடகை பேசுவது, வராதவரை மறுபடியும் அழைப்பது என்று போகிறது. எங்கள் செயலாளர் அந்த வேலையில் சோர்ந்து பத்தே மாதங்களில் இரண்டிலிருந்தும் விலகிவிட்டார். நாற்றைத்தான் பிடுங்கி நடலாம். பால் பிடித்த பயிரைப் பிடுங்கி நட்டால் இரண்டு வயலிலும் ஒன்றும் கிடைக்காது.

களம் தெரியாதவர்களை மட்டும் வைத்துக் குழுவை எப்படி நடத்துவது என்று கேட்பார்கள், கேள்வி நியாயமானதே. தங்கள் மாணவரைக் கல்லூரி வரை கொண்டுசேர்த்து, அடுத்த பிள்ளையை ஏற்காமல் ஓய்வெடுக்கும் முன்னாள் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நூலக வாசகர் வட்டத்தில் துடிப்பாக இருப்பவர், மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கெழுதிப் பழகியவர், நம்மிடம் படித்து இப்போது வேலையில் இருக்கும் பழைய மாணவர் என்று குழுவுக்கு வேண்டியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். நடப்பு வழிகாட்டிகளின் குரல் வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருவர் என்ற முறையில் ஒரே ஓர் இருக்கையை அவர்களுக்கு ஒதுக்குங்கள். வேலை எதையும் ஒப்படைக்காதீர்கள். அதையும் மீறி ஒரு வழிகாட்டி குழுவுக்கு வந்தே தீர வேண்டும் என்றால், கல்வியாண்டு முடியும்வரை காத்திருங்கள். புதிய வழிகாட்டியும் பழையவரும் சேர்ந்து மூன்று முறையாவது பிள்ளையைச் சந்திக்க வேண்டும். விடைபெறுவதைப் பழையவரே தம் வாயால் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொல்வது விடைபெறுதல் ஆகாது.

புகாரைக் குழுவில் வைத்துப் பேசுவது

பதினெட்டு வயது நிறையாத பிள்ளை பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகத் தெரியவந்தால், அல்லது அப்படி நேரக்கூடும் என்ற ஐயம் எழுந்தால், குழுவைக் கூட்டி விசாரிப்பது உங்கள் வேலை அன்று. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி, அதைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது பிரிவு 21-இன்கீழ் தண்டனைக்குரிய குற்றம். தமக்குக் கீழ் இருப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஊரில் மதிப்புள்ளவர்கள் நிறைந்த குழுவில்தான் “பெயர் கெட்டுவிடும், பேசி முடித்துக்கொள்ளலாம்” என்ற குரல் முதலில் எழும் என்பதை மறக்காதீர்கள். எங்கள் ஒரு பக்கத் தாளில் மூன்றாம் பத்தியின் முதல் வரி இதுதான். அதன் கீழே 1098 என்ற சிறார் உதவி எண்ணையும் அச்சிட்டிருக்கிறோம்.

வாட்ஸ்அப் குழுவைத் தலைமைக் குழு என்று நினைப்பது

அங்கே முடிவு எதுவும் எடுக்காதீர்கள். பிள்ளைகளின் படங்களைப் போடாதீர்கள்.

யார் வரவில்லை என்று பார்க்காமல் இருப்பது

என் முதல் குழுவில் ஒன்பது பேர்; ஒன்பது பேரும் ஆண்கள், ஏழு பேர் ஓய்வூதியர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான அமைப்பின் குழுவில் ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை என்பது எனக்கு உறைக்கவே நெடுநாள் ஆயிற்று. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அரசுப் பள்ளியால் செய்ய முடிந்ததை நம்மால் ஏன் செய்ய முடியவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதிலில்லை.

பெண்கள் வருவதில்லை என்று புலம்புவதற்கு முன் கூட்டம் நடக்கும் நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறரை மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, வீட்டில் உலை வைக்க வேண்டியவர்கள் வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தோம். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றியதும் நான்கு பெண்கள் வந்தார்கள். தை மாதத்தில் மட்டும் அதுவும் நடக்காது. சம்பா அறுவடையும் முகூர்த்த நாள்களும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதத்துக்குக் கூட்டமே வைக்காமல் விட்டுவிடுகிறோம்.

பழைய மாணவரை மேடைக்கு மட்டும் அழைப்பது

நம்மிடம் படித்து முன்னேறியவரை ஆண்டு விழாவில் பேச வைப்போம், கைதட்டுவோம், அனுப்பிவிடுவோம். குழுவில் வாக்குள்ள உறுப்பினராக உட்கார வைப்பதில்லை. எங்கள் மூன்றாவது குழுவில்தான் முதன்முதலாக ஒரு பழைய மாணவரைச் சேர்த்தோம். அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். இரண்டு கூட்டங்களில் பேசாமல் இருந்தார். மூன்றாவது கூட்டத்தில், விடுதிப் பிள்ளைகள் சந்திப்புகளுக்குச் சரியாக வருவதில்லை, ஆர்வமில்லை என்று நாங்கள் வழக்கம்போல அங்கலாய்த்தபோது, “விடுதியில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை மாலையே பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள், சார். நீங்கள் சனிக்கிழமை காலையில் வைத்தால் யார் இருப்பார்கள்?” என்று கேட்டார். நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலையில்தான் வைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த வாரமே விடுதிப் பிள்ளைகளின் சந்திப்பை வியாழக்கிழமை மாலைக்கு மாற்றினோம்.